மிலி நோனா பாடம் கொடுக்கிறார்

பணிஸ் ரொட்டி விற்கும் வண்டி பள்ளிவாசல் வளைவைத் தாண்டிவிட்டால் மற்றவர்களுக்கு அன்றைக்குப் பணிஸ் இல்லை. வெள்ளைக்காரப் பெண்மணி என்பதால் ஊர் நோனா என்று அழைக்கிற மிலிக்கு அந்தக் கவலை கிடையாது. வாசலில் நின்று, கையைக்கூட உயர்த்தாமல், "தம்பி, ரெண்டு" என்பார். கத்தமாட்டார், அடிவயிற்றிலிருந்து எடுத்து அனுப்புவார். பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் அந்த முச்சக்கரவண்டி வளைவுக்கு அப்பால் நின்று பின்னால் உருண்டு வரும். அரங்கின் கடைசி வரிசையில் காது மந்தமான ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்காகப் பேசு என்று நடிகையான நோனாவை இங்கிலாந்தில் சிறு வயதிலேயே பழக்கியிருக்கிறார்கள். இலங்கைக் கரையோரத்துக் கற்பிட்டியில் அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே நோனா இரகசியம் சொன்னால் மூன்று வீட்டுக்கு விளங்கும்.

வயது எழுபத்து நான்கு. மேடையில் அரைநூற்றாண்டு, இடையிடையே தொலைக்காட்சி. தொலைக்காட்சியில் வாய்த்ததெல்லாம் துப்பறியும் தொடர்கள்தான், அவற்றிலும் முதல் பத்து நிமிடத்தில் கொலையாகிற சீமாட்டி வேடம். "நான் இருபத்திமூணு தரம் மௌத்தாகிட்டன்" என்றுதான் புதியவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். கடைசிக் கொலை இந்தக் கடற்கரையில் நடந்தது. படப்பிடிப்பு முடிந்து ஊர் போனவர், மறுவருடமே பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து, மீன் வியாபாரி ஜௌபர் வீட்டின் பக்கத்து அறைகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். இப்போது ஒன்பது வருடமாகிறது.

ஜௌபர் அந்தக் கொலைகளில் பதினொன்றைத் தன் தொலைபேசியில் சேர்த்து வைத்திருக்கிறார். மீன் ஏற்ற வருகிற லொறிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவார். "இந்தா, இப்ப தேத்தண்ணி குடிப்பாங்க, பாருங்க" என்று முந்திக்கொண்டு சொல்லி, கதையைக் கெடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

ஜௌபரின் மனைவி அகீலா அதைப் பார்க்கமாட்டார். நடிப்பு என்றாலும் நோனா விழுந்து கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனம் வராது. அகீலா பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற முஅல்லிமா. நோனாவின் தமிழும் அவர் கொடுத்ததுதான். அதனால்தான் ஒரு வெள்ளைக்கார நடிகையின் வாயிலிருந்து அசல் கற்பிட்டி முஸ்லிம் தமிழ் மேடை உச்சரிப்போடு வருகிறது.

போன மாதம் லண்டனிலிருந்து நோனாவுக்கு ஒரு செய்தி வந்தது. புது நாடகம், பெரிய வேடம். கரையோர ஊர்த் தாய் ஒருத்தி தன் ஏழு பிள்ளைகளையும் பெயர் சொல்லி நினைத்துப் பார்க்கிற இரண்டு பக்கப் பேச்சைப் படம் பிடித்து அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். பத்து வருடமாக யாரும் கூப்பிடாத மனுஷி, அன்றைக்குப் பணிஸ் வண்டியையே மறந்துவிட்டார். மாலையில் அகீலாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, அதாவது இரண்டு வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி, தனக்கு இப்போதெல்லாம் சொற்கள் நழுவுகின்றன என்றார். பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அகீலாவுக்கு ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். பொருள் பாதிதான் பிடிபடும். ஆனால் மனனம் கேட்க அது போதும் என்பது அவர் கட்சி. அரபு விளங்காத ஏழு வயதுப் பிள்ளை நீண்ட அத்தியாயத்தைப் பாராமல் பிசகாமல் ஓதி அவரிடம் பாடம் கொடுக்கவில்லையா? நோனாவைக் கதிரையில் இருத்தி, தான் பாயில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டார். பிழை வந்தால் விரல் முட்டியால் தரையில் ஒரு தட்டு.

முதல் நாள் தட்டுகிற சத்தம் மழை மாதிரி இருந்தது. நோனா தடுமாறுகிறவர் இல்லை. மறந்த இடத்தில் சொந்தமாக நான்கு சொல் வைத்து, கையை வீசி, அழகாகக் கடந்துவிடுவார். அது அங்கே கெட்டித்தனம். இங்கே பெரும் பிழை.

"மேடைல மறந்தா சமாளிக்கணும், அகீலா. பாக்கிற ஆக்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்தானே. திரும்ப முதல்ல இருந்து வாங்க."

ஏழு நாள் முதலில் இருந்து வந்தார். நான்காவது பிள்ளையின் பெயர் மட்டும் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

வியாழன் பின்னேரம் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜௌபர் தொலைபேசியைப் பிடித்தார். நோனா தொடங்கினார். மூத்தவள், இரண்டாமவன், மூன்றாமவன். பிறகு ஒன்றுமில்லை. அகீலாவின் கை தட்டுவதற்கு உயர்ந்தது. சத்தம் பதிவாகிவிடுமே என்று அப்படியே நின்றது. சொந்தச் சொல் எதையும் நோனா வைக்கவில்லை. வெறும் முகத்தோடு தேடினார். எங்கிருந்தோ பெயர் வந்தது, மீதியும் வந்தது. இன்னொரு தரம் எடுப்போம் என்று நோனா வாயைத் திறக்குமுன், மீன் படங்களைக் கொழும்புக்கு அனுப்புகிற அதே வேகத்தில் ஜௌபர் அதை லண்டனுக்கு அனுப்பி முடித்திருந்தார். அன்றிரவு அகீலா அவருக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு முதலிலேயே படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. வேடம் நோனாவுக்குத்தான். நான்காவது பிள்ளைக்கு முன்னால் விட்ட அந்த மௌனம், அதைப் பார்த்து அறையில் இருந்த எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்களாம், இத்தனை வருட அனுபவம் இல்லாமல் அப்படி நடிக்க முடியாதாம். நோனா அதைத் தமிழாக்கி உரக்கச் சொன்னார். தான் அனுப்பியதால்தான் எல்லாம் நடந்தது என்று ஜௌபர் லொறிக்காரர்களிடம் சொல்ல ஓடினார். நோனாவும் அகீலாவும் சிரித்தார்கள். பிறகு அகீலா அந்தத் தாளை எடுத்து, நான்காவது பிள்ளையின் பெயருக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு போட்டார்.

முழு நாடகமும் எண்பத்தாறு பக்கம். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நோனா அதை எடுத்து வந்து அகீலாவின் மடியில் வைத்தார். அகீலா வழக்கம்போலக் கதிரையை இழுத்துப் போட்டார். நோனா அதைத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்து, அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலை மெல்ல மடக்கி, பாயில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து, ஓத வருகிற பிள்ளைகளைப் போலத் தலையில் போட்டுக்கொண்டார்.