பிரின் எய்தின் மைனிர்

வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு ஊரில் மைனிர் என்ற பெயரில் மூன்று பெண்கள் இருந்தால் மூன்று பேருமே மைனிர் ஜோன்ஸாக இருப்பார்கள். பண்ணையின் பெயரைச் சேர்த்தால்தான் யார் என்று தெரியும். இவர் பிரின் எய்தின் மைனிர். பிரின் எய்தின் என்றால் முட்புதர் மேடு என்று பொருள். சித்திரையில் அந்த மேடே மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்.

கணவர் போனபின் ஆடுகளை மட்டும் நம்பிப் பிழைக்க முடியவில்லை. மாடியறைகளைத் தங்க வருபவர்களுக்கு விட்டார். வேலை போய்விடுமோ, விசா போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் கெடும்போதெல்லாம் அங்கேதான் போவேன். காலையில் முட்டையும் பொரித்த கடற்பாசியும் வரும். அடுப்போரம் அட்டைப்பெட்டியில் தாயில்லா ஆட்டுக்குட்டி ஒன்று கத்தும்.

"காசு குடுத்துட்டா உக்காந்தே இருப்பியா? பால் புட்டியப் புடி, கண்ணு" என்பார் மைனிர்.

போன வருடம் பனியில் வழுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து, "வித்துடும்மா" என்றான். நகரத்திலிருந்து ஒரு இளம் ஜோடி பண்ணையை வாங்க வந்தது.

"பாரு, ஆட்டுக்கெல்லாம் யோகா சொல்லித் தரப்போறாங்க" என்றார் பக்கத்துப் பண்ணை ஹியூ.

மைனிர் சிரிக்கவில்லை. அந்த ஜோடியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: வாசல் கேட்டில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் எடுக்காதீர்கள். இருவரும் தலையாட்டினார்கள்.

அங்கே போனை எடுத்தால் ஹலோ சொல்லமாட்டார்கள், பண்ணைப் பெயரைத்தான் சொல்வார்கள். டவுனில் அவர் குடிபோன வரிசை வீட்டுக்கு இந்த வசந்தத்தில் போன் செய்தேன்.

"பிரின் எய்..." பாதியில் நின்றது. "மைனிர் பேசுறேன்."

"நான்தான். எப்படி இருக்கீங்க?"

"பலகையக் கழட்டிட்டாங்க, கண்ணு. சன்செட் வியூவாம். நல்ல பிள்ளைங்கதான். வர்றவங்களுக்குப் பழைய பேரு வாயில நுழையலயாம்."

"உங்கள இப்ப எப்படிக் கூப்பிடுறாங்க?"

"ஆறாம் நம்பர் மைனிர். வீட்டு நம்பரப் பாத்து ஹியூ வச்ச பேரு. ஜெயில் கைதிதான் போ." அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே தேய்ந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "எனக்கு எப்பவும் நீங்க பிரின் எய்தின் மைனிர்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம். ஆட்டுச் சத்தம் இல்லை.

"வேணாம், கண்ணு" என்றார் கடைசியில். "அந்தப் பேரு மேட்டோடது. நான் கீழ வந்துட்டேன்ல."