பஞ்சில் சிக்கிய கம்பி

என் தங்கை ஜீவராணியின் புருஷன் கன்னையா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து "இல்லீங்க" என்று சொல்லியிருந்தால், பீட்டர் என்கிற வெள்ளைக்காரன் இன்று உயிரோடு இருப்பான். நினைத்தால் கோபம் வருகிறது. கோபம் கன்னையா மேல் மட்டுமல்ல.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கும், இழை இழையாக முறுக்கிய இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொள்வது கன்னையாவின் வேலை. காலையில் மூட்டை ஏற்றுமுன் கம்பியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு கைப்பிடி பஞ்சை அதன்மேல் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு சிக்கிக்கொள்ளும். வேலையில் மனிதர் அவ்வளவு சுத்தம். ஆனால் தோட்டத்தை நடத்தும் துரை முன்னால் போனால் ஆளே வேறு. தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதைச் சொன்னாலும் "சரிங்க தொரை" என்பார். அவர் அப்பாவும் அப்படி, என் அப்பாவும் அப்படி. துரையை மறுத்துப் பேசினால் மறுநாள் வீட்டில் யாருக்கும் வேலை இருக்காது என்று தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

தொண்ணூற்றாறில் லொறி வந்தது, கம்பியைக் கழற்றிவிட்டார்கள். கன்னையா தெற்கே காலி நகரத்துத் துறைமுகத்தில் படகு பழுதுபார்க்கும் இடத்துக்குக் கம்பி முடையப் போனார். 2004 தொடக்கத்தில் அங்கே ஒரு பாய்ப்படகு வந்து நின்றது. தென்னாபிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் காற்றை மட்டும் நம்பிப் போகிற போட்டியாம். படகில் இருந்த ஒருவன் கையை முறித்துக்கொள்ள, கம்பி வேலை தெரியும் என்று இவரை ஏற்றிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயமே சிரித்தது. மனிதருக்கு நீச்சல்கூடத் தெரியாது.

படகில் ஒன்பது பேர். நாலு மணி நேரம் வேலை, நாலு மணி நேரம் தூக்கம். ஒரு படுக்கைக்கு இரண்டு ஆள்; ஒருவன் எழும்பினால் மற்றவன் அந்தச் சூட்டிலேயே படுக்க வேண்டும். இவரோடு படுக்கையைப் பங்குபோட்டவன்தான் பீட்டர். பாரம் குறையட்டும் என்று பல் விளக்கும் பிரஷின் காம்பைக்கூட ஒடித்து எறிந்திருந்தார்களாம். சாப்பாடு என்பது சுடுதண்ணீர் ஊற்றிய தூள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு இரண்டு தொடையும் புண். படகு எந்நேரமும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடுவதால், ஒரு காலைச் சுவரில் ஊன்றித்தான் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். "லயத்துல ஒரே காம்பராவுல எட்டுப் பேர் படுத்த நமக்கு இதெல்லாம் என்னா மச்சான்" என்றார் என்னிடம். முதல் மூன்று நாள் இவர் வாந்தி எடுத்துக் கிடந்தபோது, இவர் முறையையும் சேர்த்துப் பார்த்தவன் பீட்டர். தன் சின்ன மகளின் படத்தைக் காட்டிக் காட்டிப் பேசுவானாம்.

பதினோராம் நாள் கன்னையா சும்மா இருக்க மாட்டாமல், ஆட்கள் விழாதிருக்க ஓரத்தில் கட்டியிருந்த கம்பியைப் பஞ்சால் தேய்த்துப் பார்த்தார். ஓரிடத்தில் சிக்கியது. மூன்று இழை அறுந்திருந்தது. பஞ்சைக் கொண்டுபோய்க் கேப்டனிடம் காட்டினார். அவன் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு படகு நெருங்கி வருகிறது, கம்பியை மாற்ற வேகத்தைக் குறைக்க முடியாது, கரைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றான். இவர் "சரிங்க சேர்" என்றார். பஞ்சைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதைத் தூரத்திலிருந்து பார்த்த பீட்டர், "கம்பி ஓகேயா?" என்று கேட்டான். கேப்டன் ஓகே என்று சொன்னபிறகு இவர் வேறு மாதிரி சொல்லலாமா? "ஓகே" என்றார்.

மறுநாள் மத்தியானம் கடல் அடங்கியிருந்தது. இடுப்புக் கயிற்றை மாட்டாமல், நனைந்த பாயைச் சுருட்டி இழுத்த பீட்டர் முதுகை அந்தக் கம்பியில் சாய்த்தான். கம்பி அறுந்தது. பாயை இறக்கிப் படகைத் திருப்பவே கால் மணி நேரம் ஆயிற்று. இருட்டும்வரை தேடினார்கள். அவன் தொப்பி மட்டும் கிடைத்தது.

கரையில் விசாரணை நடந்தது. கம்பியில் இழை அறுந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை என்றான் கேப்டன். அதிகாரி இவரைக் கேட்டார். கேப்டன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். இவரும் ஆமாம் என்று தலையாட்டினார். வெளியே பீட்டரின் மனைவி இவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாளாம். அவளிடமும் அதே பதில்.

ஊருக்கு வந்த ஒரு வாரத்தில் என்னைத் தேடி வந்தார். நான் தோட்டத்து ஆபீசில் வேலை, இங்கிலீஷ் எழுதுவேன். தாளில் சுற்றியிருந்த அந்தப் பஞ்சை மேசையில் வைத்தார்.

"அந்தம்மாவுக்கு ஒரு கடிதாசி எழுதித் தாங்க மச்சான். நான் பாத்தேன், தெரிஞ்சே பொய் சொன்னேன்னு எழுதுங்க."

"என்னா பேசுறீங்க மாப்ள. சண்டை எப்ப திரும்புமோன்னு கெடக்குற நாட்டுல, தமிழன், வெள்ளைக்காரன் சாவுக்கு நாந்தான் காரணம்னு எழுதிக் குடுப்பீங்களா? கேப்டன் தப்பிச்சுக்குவான், உங்களத்தான் உள்ள தள்ளுவானுங்க. ஜீவராணிய நெனச்சுப் பாருங்க. விட்ருங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சரிங்க" என்றார்.

அதன்பிறகு அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். இருக்கிற மனிதரை வைத்துக்கொண்டு என் தங்கை தாலி அறுத்தவள் மாதிரி அழுகிறாள்.

வருஷா வருஷம் டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் பீட்டரின் மனைவியிடமிருந்து ஒரு வாழ்த்து வருகிறது. அவன் கடைசி நாட்களில் துணையாக இருந்தவர் என்று இவருக்கு நன்றி எழுதுவாள். நான்தான் வாசித்துச் சொல்கிறேன். போன நத்தாருக்கு வந்ததில், மகள் வளர்ந்துவிட்டாள், அப்பாவைப்போல் பாய்ப்படகில் போகத் தொடங்கியிருக்கிறாள் என்று இருந்தது.

கன்னையா தலையை நிமிர்த்தினார். "அந்தப் படகுல கம்பிய யாரு பாக்குறாங்கன்னு எழுதிக் கேக்கலாமா மச்சான்?"

எழுதலாம் மாப்ள என்றேன். இது 2009 மே மாதம். இன்னும் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் கதை முழுவதும்தான் வருகிறது, பீட்டரின் மனைவிக்கு வாசிக்கத் தெரியாத தமிழில்.