வியாழக்கிழமைக் கால் மணி நேரம்

1978-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறேன்: “மாலைச் செய்திக்குப் பின் தமிழ்ப் பாட்டு, கால் மணி நேரம். முதல் ஒலிபரப்பு. மழை இருந்தும் தெளிவு.” முந்தைய வாரம் வரை அந்த நேரம் யாருடையது என்று எழுதவில்லை.

அது கொங்கணி நிகழ்ச்சிக்குரிய நேரம். மட்டாஞ்சேரியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கொங்கணிக்காரர். கீழே அரிசிக் கடை, மேலே குடும்பம். நான் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. எங்கள் தமிழ்ச் சங்கம் வானொலியில் நேரம் கேட்பதென்று முடிவு செய்து, விண்ணப்பம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தது. வெறுமனே கேட்டால் இடமில்லை என்பார்கள், எந்த நேரத்தை எடுக்கலாம் என்றும் நாமே சொல்லிவிட வேண்டும் என்றார் தலைவர். வியாழக்கிழமைக் கொங்கணி நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்று ஆங்கிலத்தில் எழுதினேன். யாரையும் விசாரித்து எழுதியதல்ல. வியாழன்தோறும் எதிர்வீட்டு ரேடியோ என் அறைவரை கேட்கும்.

வேற்று மொழிக்காரர் கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று கடைக்கு எடுத்துப் போனேன். அவர் அரிசி அளந்துகொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, ஜாமீன் கையெழுத்தா?”

“ரேடியோல தமிழ்ப் பாட்டுக்கு, சேட்டா.”

“எங்க பாட்டை நீங்க ஓசியில கேக்குறதுண்டல்லோ. இனி உங்க பாட்டு நாங்க கேக்கலாம். எவிடே ஒப்பு?”

கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை. திரும்பும்போது, “என் தங்கச்சி பாடின பாட்டு ரேடியோவில ரெக்கார்டு பண்ணிக் கழிஞ்ஞு. ஏதாவது ஒரு வியாழக்கிழமை வரும், கேக்கணும் கேட்டோ” என்றார். அப்போதாவது அந்த வரியை அடித்திருக்கலாம். அன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.

முதல் ஒலிபரப்பன்று அவர்கள் வீட்டில் உறவினர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வியாழன்தோறும் அப்படித்தான் காத்திருந்தார்களாம். தமிழ்ப் பாட்டு வந்தது. ரேடியோவை அவர்கள் நிறுத்தவில்லை. கால் மணி நேரமும் அது சந்தின் இரு பக்கமும் ஒலித்தது.

மறுநாள் கடையில், “நல்ல பாட்டு, அண்ணாச்சி. எங்க நிகழ்ச்சி நேரத்தை எவிடே மாத்தினாங்கன்னு அறிஞ்ஞா சொல்லணும். தங்கச்சி எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கா” என்றார்.

“விசாரிக்கிறேன்” என்றேன்.

நிலையத்துக்கு எழுதினேன். கொங்கணிக்கு வேறு நேரம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதை மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் தங்கை கல்யாணமாகிப் போனார். சில வருடங்களில் அவரும் கடையை விற்றுவிட்டு மங்களூர்ப் பக்கம் போனார். வண்டி புறப்படும்வரை அந்த விண்ணப்பத்தில் என்ன இருந்தது என்று நான் வாயைத் திறக்கவில்லை.

தங்கையின் அந்தப் பாட்டு பிறகு ஒரு காலை நேரத்தில் வந்ததாக, ஆலுவாவிலிருந்து கிடங்குக்கு வந்துபோகும் கொங்கணி வியாபாரி ஒருவர் சொன்னார். நாள் அவருக்கு நினைவில்லை. அந்தக் காலத்து நிகழ்ச்சி நிரல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டு ஒலிபரப்பானதா என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.