விறகுவெட்டி வீட்டுச் சிங்கம்

தம்பியின் கவிதை போட்டியில் தேர்வாகியிருக்கிறது என்று அவன் மனைவி போனில் சொன்னபோது நான் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் அவனுக்கு அக்கா, பஸ் கண்டக்டர். எனக்கு மெதுவாகப் பேச வராது. "என்னது, கவிதையா? அவனா?" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

வளரும் கவிஞர்களுக்கான போட்டியாம். நூலகத்தில் நடத்துகிறார்கள். புராணக் கதை, நீதிக்கதை எதையாவது எடுத்துப் புதிதாக எழுத வேண்டும். இதுவரை புத்தகம் எதுவும் போட்டிருக்கக் கூடாது. தேர்வானவர்கள் மேடையேறி வாசிக்க வேண்டும், அன்றைக்கே பரிசு. தம்பிக்கு நாற்பது தாண்டிவிட்டது. "இனிமே எங்கடா வளரப் போற, பக்கவாட்டுலதான்" என்று கிண்டல் செய்தேன். சிரித்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனுக்குச் சத்தம் வராத சிரிப்புதான்.

அதற்கு முன்னால் அப்படியில்லை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பெரும்பாலும் தூரத்து லோடு. தூக்கம் வராமலிருக்கத் தானே பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு போவான். வண்டி நிறுத்தும் இடங்களில் மற்ற டிரைவர்கள் அவனைப் பாடச் சொல்லிக் கேட்பார்களாம். வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலிருந்தே ஹாரனை அமுக்குவான். "வந்துட்டான் தடியன்" என்று அம்மா திட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடுவாள்.

ஒருமுறை லோடு கட்டும் கயிறு அறுந்து முகத்தில் அடித்து முன்பல் ஒன்று போய்விட்டது. பல் டாக்டரிடம் போனான். அங்கே பல்செட் கொண்டுவந்து கொடுத்த பெண்ணைப் பார்த்தான். ஒரு வலிக்குப் போனவன் இன்னொரு வலியோடு திரும்பி வந்தான்.

அந்தப் பெண்ணின் அப்பாவைப் பட்டறைக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். மெழுகில் வார்த்து, பல் அடுக்கி, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவது அவருடைய பட்டறை. மனைவியை இழந்தவர், ஒரே மகள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. வாடா போடா கிடையாது. "வாங்க மாப்பிள்ளை", "இருங்க மாப்பிள்ளை" என்று மரியாதையாலேயே ஆளைக் கட்டிப்போடுவார்.

கல்யாணப் பேச்சில் இரண்டே விஷயம்தான் கேட்டார். லாரியை விட்டுவிட்டு மாப்பிள்ளை பட்டறைத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை தன் வீட்டோடு இருக்க வேண்டும், அம்மா என்னோடு இருந்துகொள்ளட்டும். "வீடு சின்னது, பாத்துக்கிட்டுதானே இருக்கீங்க" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி தலையாட்டிவிட்டான். ஆசைப்பட்ட பெண், என்ன செய்வான்.

பிள்ளைகள் இல்லை. அவனும் மனைவியும் பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து பல் அடுக்கினார்கள். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் அவன் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பான் என்று அவள் எப்போதோ சொன்னதுண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா கடைசியாகப் படுத்தபோது அவனுக்குப் போன் செய்தேன். "உன்னைத்தான்டா கேக்குறாங்க. உடனே வா." மாமனாரிடம் கேட்டிருக்கிறான். "போங்க மாப்பிள்ளை, தாராளமா போங்க. கையில இருக்கிற செட்டை மட்டும் முடிச்சிட்டுப் போயிடுங்க, டாக்டர் அவசரம்னு சொல்லியிருக்கார்" என்றாராம். முடித்துவிட்டு வந்தான். வந்தபோது அம்மாவின் வாயை நான் மூடிக் கட்டியிருந்தேன். ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. பட்டறைக்காரரோடு இன்றுவரை தலையசைப்பு மட்டும்தான்.

போட்டி நாளன்று நூலகத்து மாடிப்படித் திருப்பத்தில் தம்பி எனக்காகக் காத்திருந்தான். கவிதையை நீட்டினான். "இப்பவே படிச்சிடுக்கா. உள்ள வந்து நீ கத்திடக் கூடாது."

விறகுவெட்டியின் மகள்மேல் ஆசைப்பட்ட சிங்கத்தின் கதையைத்தான் எடுத்திருந்தான். எல்லோருக்கும் தெரிந்த கதை. சிங்கம் வந்து பெண் கேட்கிறது. முடியாது என்று சொல்ல விறகுவெட்டிக்குப் பயம். பல்லையும் நகத்தையும் எடுத்துவிட்டு வா, தருகிறேன் என்கிறான். சிங்கமும் எடுத்துவிட்டு வருகிறது. இனி என்ன பயம், தடியால் அடித்துத் துரத்திவிடுகிறான். தம்பி எழுதியதில் அந்தக் கடைசி மட்டும் வேறாக இருந்தது.

படித்து முடித்துத் தாளை அவன் கையிலேயே திணித்தேன். "டேய், இதை அந்த ஆள் முன்னாடியா படிக்கப் போற?"

"அவர் வர்றார்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நம்ம பட்டறை ஆளு மேடையேறுறார்னு ரெண்டு டாக்டர்களை வேற கூட்டிட்டு வந்திருக்கார்."

"வேற எதையாவது படிச்சிட்டு இறங்கிடேன்."

"அனுப்புனதைத்தான் படிக்கணும். இல்லன்னா பேரை எடுத்துக்கலாம்."

"எடுத்துடு."

சொன்னது நான்தான். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே யாராவது சொல்லமாட்டார்களா என்று வருஷக்கணக்காக வயிறெரிந்தவளும் நான்தான். ஆனால் வீடு அவருடையது, வேலை அவருடையது, தம்பி ஓட்டும் வண்டிகூட அவர் பெயரில் இருந்தது. லாரி லைசென்ஸைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டான். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் இவன் தெருவில்தான் நிற்க வேண்டும். அதுவும் டாக்டர்கள் முன்னால் அவரை அவமானப்படுத்திவிட்டு இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறையில் போய் நிற்பான்?

"அவளுக்குத் தெரியுமா இது?"

"அவதான் போன்ல டைப் பண்ணி அனுப்பினா. ஒண்ணும் சொல்லலக்கா."

உள்ளே போனோம். பட்டறைக்காரர் முதல் வரிசையில் இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டாக்டர்கள் இருவர். தம்பி மனைவி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவள் விரல்கள் புடவை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன. "கொஞ்சம் தண்ணி இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு கல்லூரிப் பெண் அரக்கி ஒருத்தியைப் பற்றி வாசித்தாள். பெரியவர் ஒருவர் காக்கையையும் நரியையும் பற்றி வாசித்தார், வடை எங்கே போனது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. என் காதில் எதுவும் ஒழுங்காக விழவில்லை என்பதுதான் நிஜம். பிறகு தம்பியைக் கூப்பிட்டார்கள். எழுந்து பின்பக்கமாக இறங்கிப் போய்விடுவான் என்று ஒரு நொடி நினைத்தேன். மேடைக்குத்தான் போனான். பட்டறைக்காரர் வீடியோ எடுக்கப் போனை உயர்த்திப் பிடித்தார்.

தம்பி வாசித்தான்.

"பல்லைக் கேட்டீர், கழற்றிக் கொடுத்தேன்.
நகத்தைக் கேட்டீர், பிடுங்கிக் கொடுத்தேன்.
கதையில் வருவதுபோல
அடித்துத் துரத்தியிருக்கலாம்.
நீர் துரத்தவில்லை.
சோறு போட்டீர்.
பாய் விரித்தீர்.
ஊருக்கெல்லாம் பல் செய்யச் சொன்னீர்."

ஒரு டாக்டர் மெல்லச் சிரித்துப் பட்டறைக்காரரின் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார். அவர் திரும்பவில்லை. உயர்த்திய போன் அப்படியே இருந்தது. தம்பி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காட்டின் ஓரத்தில் கிடந்தாள்
என்னைப் பெற்ற கிழச்சிங்கம்.
ஒருநாள் கர்ஜித்தாள், என் பெயரைச் சொல்லி.
பதிலுக்கு நான் வாயைத் திறந்தேன்.
வெறும் காற்று வந்தது."

போன் இறங்கிவிட்டது. மடியில் விழுந்ததை அவர் எடுக்கக்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மாவுக்காக அழுகிறேனா, அவனுக்காகப் பயப்படுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் சில வரிகள் இருந்தன, வாசித்து முடித்தான். கைதட்டல் எழுந்தது. அது ஓய்வதற்குள் பட்டறைக்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"முடிஞ்சது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று பேரும் அவர் பின்னால் போனோம்.

படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். சண்டைக்குத் தயாராகத்தான் நான் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன். அவர் திரும்பினார். முகம் முழுக்கக் கண்ணீர்.

"இதை உங்களுக்கு யாரு சொன்னா மாப்பிள்ளை?"

"எதை மாமா?"

"எங்க அம்மா விஷயத்தை." தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பட்டறை எங்க மாமனாரோடது. நானும் வீட்டோட வந்தவன்தான். எங்க அம்மா ஒருநாள் வாசல்ல வந்து நின்னாங்க. மாமனார் உள்ள உக்காந்திருக்கார். வாங்கம்மான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. அந்தச் சிங்கம் நான்தான் மாப்பிள்ளை. அப்படியே நான். அந்த விறகுவெட்டி இருக்கானே, அவன் எங்க மாமனாரேதான்."

தம்பி திகைத்து நின்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்போல இருந்தது. அடுத்த நிமிஷமே உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை வருஷத்துக் கோபத்தை என் தம்பி எழுத்தாக்கிக் கொண்டுவந்து வைத்தான், அதையும் இந்த மனிதர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாரே.

ஆனால் ஒன்று எனக்குப் புரிந்தது. தம்பி தப்பித்துவிட்டான். ஆமாம் மாமா என்று ஒரு தலையாட்டல் போதும். வீடு இருக்கும், வேலை இருக்கும், இனிமேல் மரியாதைகூடக் கூடும். அவனுக்குத் தலையாட்டிப் பழக்கம்தான். இதோ, கழுத்து அசையத் தொடங்கியது. ஆட்டித் தொலைடா என்று ஒரு மனசு, ஆட்டினால் உன் முகத்தில் இனி விழிக்கமாட்டேன் என்று இன்னொரு மனசு.

"அப்பா" என்றாள் தம்பி மனைவி.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளைப் பார்த்தார்.

"அந்தக் கதையில விறகுவெட்டி பொண்ணு ஒரு வார்த்தையும் பேசமாட்டா. இவரும் அவளுக்கு ஒரு வரி எழுதல. அதனால நானே சொல்லிடறேன். நீங்க சிங்கமா இருந்திருக்கலாம்பா, நான் இல்லங்கல. ஆனா இவரு எழுதின விறகுவெட்டி நீங்கதான்."

"நானா?" நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "நான் என்னம்மா செஞ்சேன்? ஒருநாளாவது மாப்பிள்ளையை மரியாதை இல்லாம பேசியிருக்கேனா?"

தம்பி பேசினான். அவன் குரல் தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை. "எங்க அம்மா கூப்பிட்டாங்க மாமா. போகட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேன். கையில இருக்கிற செட்டை முடிச்சிட்டுப் போங்கன்னு சொன்னீங்க."

"எப்போ? நானா சொன்னேன்?" நெற்றியைச் சுருக்கினார். ஞாபகம் வந்ததும் முகம் தெளிந்தது. "ஆங், அந்த மேல்வரிசை செட்டு. அவசரமா கேட்டாங்களே. முன்பல் ரெண்டும் லேசா ஏறின மாதிரி வேணும், பழைய போட்டோவுல இருக்கிற மாதிரின்னு பல்லு கட்டிக்கிற அந்தம்மா சொல்லி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. எது தனக்கு ஞாபகமிருக்கிறது, எது இல்லை என்று அவர் காதிலேயே விழுந்துவிட்டது. இந்த மனிதரின் முகத்தை இப்படிப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பேன். பார்த்தபோது கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை.

உள்ளே மைக்கில் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எத்தனையாவது பரிசு என்றுகூட எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். தம்பி அசையவில்லை. மாமனாரின் தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தான்.

"நாளைக்கு நான் பட்டறைக்கு வரல மாமா. அக்கா வீட்டுல இருக்கப் போறேன்."

"நான் உங்களைப் போகச் சொல்லலையே மாப்பிள்ளை" என்றார் அவர். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இல்ல மாமா. நீங்க சொல்லல. நானாத்தான் போறேன்."

தம்பி மனைவி அப்பாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரைக் குடிக்க வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்கும் சேத்து இடம் இருக்குமா அண்ணி?"

பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த அளவுக்கு நான் நல்லவள் கிடையாது.

"எங்கம்மா படுத்திருந்த ரூம் காலியாத்தான் கிடக்கு. வா" என்றேன்.