கார் ஏற மறுத்த மேடு

போன செவ்வாய்க்கிழமை காலையில் வெளியே 'டங் டங்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எங்கள் காரின் மட்கார்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறார்!

"தகரம் நல்ல கனமுங்க" என்றார் என்னிடம், பாராட்டுகிற மாதிரி.

வரச் சொன்னது என் வீட்டுக்காரர். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மாமனார் வாங்கிய கார் அது. எங்கள் கல்யாணத்துக்கும் மூத்தது. மூன்று மாதமாகப் பெருமாநல்லூர் ரோட்டில் மேடு வந்தால் நின்றுவிடும். இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, 'இன்ஜின் போச்சு' என்று கையை விரித்துவிட்டார்கள். புதுக் காருக்கு முன்பணம் கட்டிப் பதிவு செய்தால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அதுவரை? பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியின் தையல் பிரிவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெட்டிய துணி மூட்டைகளைப் பின் சீட்டில் ஏற்றி, நானே ஓட்டிப் போவேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் இரண்டு மைல் மண்பாதை. மூட்டையோடு நடக்க முடியுமா?

"தையல் பிரிவ எங்கக்கா ஊட்டு மச்சான் பாத்துக்குவாரு. நீ ஊட்டுல இரு" என்றார் என்னவர்.

அதாவது, கார் போனால் நானும் கம்பெனியை விட்டுப் போக வேண்டியதுதான். எனக்குச் சுருக்கென்றது.

"ஒரு வாரம் பொறுங்க. அதுக்குள்ள ஓட வைக்கலீன்னா, நானே சுத்தியல் எடுத்துத் தர்றனுங்க" என்றேன்.

வியாபாரி போய்விட்டார். தாராபுரம் ரோட்டில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரை மறுநாளே வீட்டுக்கு அழைத்து வந்தேன். மனிதர் இன்ஜின் பக்கமே போகவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றினார், ஒரு கம்பியை விட்டு எதையோ இழுத்தார். பழுப்பாக ஒரு பஞ்சுத் திரி!

விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார். "எந்த ஊரு பெட்ரோலுங்க இது, நூலா வருது?"

அப்புறம் டேங்க் மூடியைக் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

மூடி எப்போதோ தொலைந்துபோனது. வெட்டில் மிஞ்சும் துணிக் கழிவான பனியன் வேஸ்ட்டை ஒரு பிடி சுருட்டி டேங்க் வாயில் அடைத்தது... நான்தான். எங்கள் ஊரில் குழாய் ஒழுகினாலும் பனியன் வேஸ்ட், மேஜை ஆடினாலும் பனியன் வேஸ்ட். வேறு யோசனையே வராது. அது பெட்ரோலில் ஊறி, இழை இழையாகப் பிரிந்து குழாயை அடைத்திருக்கிறது. மேட்டில் கூடுதல் பெட்ரோல் கேட்ட வண்டி பட்டினி கிடந்திருக்கிறது. மூன்று மாதமாக ஊரில் உள்ள மெக்கானிக்குகளை எல்லாம் நான் திட்டிக்கொண்டிருந்தேன்!

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும்—

"சரி, வண்டி ஓடட்டும். ஒரு டிரைவர் போட்டுக்கலாம்."

"ஏனுங்க? காருக்கு என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு என்ன கோளாறுங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மங்கலத்துக் கல்யாணத்துல நாலு பேரு கேட்டாங்க. உம்பட பொண்டாட்டிதான் கார் ஓட்டறாளாமான்னு."

அடடா! மூன்று மாதமாக வேறொன்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை; இன்ஜினைச் சாக்காக வைத்து அவரும்தான். கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துச் சாவியைக் கொடுத்துவிட முடியுமா?

வெள்ளிக்கிழமை அதே மேட்டில் கார் நிற்காமல் ஏறியது. பின் சீட்டில் மூட்டைகள், பக்கத்து சீட்டில் என்னவர்.

நாளைக்கு அதே மங்கலத்து வீட்டில் விருந்து. நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். அந்த நாலு பேரும் என்னிடமே கேட்டுக்கொள்ளட்டும்.