அண்ணி கண்டுபிடித்த ஓட்டை

எங்கள் அண்ணியின் வேலையைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். ஓட்டை தேடுவதுதான் அவர் வேலை. ஊருக்கு அடியில், கிணற்றைவிடப் பல மடங்கு ஆழத்தில், வட்டமாக ஒரு சுரங்கம். அதற்குள் வட்டமாகவே ஒரு குழாய். அணுவுக்குள் இருக்கும் துகள்களை அதில் எதிரெதிராக ஓடவிட்டு மோதவைப்பார்கள். சிதறுவதைப் பார்த்து உலகம் எதனால் ஆனது என்று ஆராய்வார்கள். குழாய்க்குள் துளிக் காற்றுகூட இருக்கக் கூடாது. அண்ணி ஒவ்வோர் இணைப்பின்மேலும் ஹீலியம் வாயுவை மெல்லப் பீய்ச்சுவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் வாயு உள்ளே நுழைந்து, மறுமுனையில் மீட்டர் முள் ஆடிவிடும். நாலு வருஷமாக இதே வேலை. அங்கே அவருக்குப் பெயரே ‘மூக்கு’.

அண்ணனும் நானும் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறோம். ஊர் வாய் முழுக்க எங்கள் கடையில்தான் திறக்கும். சுவரில் விரிசல் விட்டால் சுரங்கம்தான் காரணம். பால் திரிந்தால் சுரங்கம். முடி கொட்டினால்கூடச் சுரங்கம். எங்கள் பிழைப்புக்கே வேட்டு! சுரங்கத்து மெஷினை ஓட்டினால் அது பூமியையே விழுங்கிவிடும் என்று மருந்துக்கடைக்காரர் சத்தியம் செய்தார். மளிகைக்கடைக்காரருக்கு அந்தப் பயமும் இல்லை.

“முழுங்கட்டும், முழுங்காம போகட்டும். இதனால நமக்கு என்ன பிரயோசனம்? அதைச் சொல்லுங்க!”

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலாவைப் பார்க்கிறவனிடம் என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்கிறார்களா? அண்ணனோ ஒரு படி மேலே போய்விட்டார்.

“வர்ற வெள்ளிக்கிழமை முதல்முறையா ஓட்டப் போறாங்க. அன்னைக்கு மெஷின் ஓடலைன்னா, இந்த மீசையை இதே நாற்காலியில எடுத்துடறேன்!”

இருபது வருஷத்து மீசை. அதற்கென்று தனிச் சீப்பே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி போன் செய்தார். அண்ணன் கையெல்லாம் சோப்பு நுரை; நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏங்க, உங்க மீசைக்கு ஆபத்து வந்திருச்சு.”

கடைசிச் சோதனையில் ஓர் இணைப்பில் முள் ஆடியதாம். ஐந்து தடவை பார்த்தும் ஆடியதாம். குழாயைப் பிரித்து, சரிசெய்து, மறுபடி காற்றை உறிஞ்சி எடுக்க மூன்று வாரம் ஆகும். டிவிக்காரர்கள் கேமராவோடு ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டார்கள்.

“சின்ன ஓட்டைதானே? நாளைக்கு ஓட்டிட்டு அப்புறமா அடைக்கக் கூடாதா?” அண்ணனின் குரல் இறங்கிவிட்டது.

“ஓட்டலாம். ஆனா உள்ள புகுந்த காத்துல மோதினாலும் துகள் சிதறும். எது நிஜம், எது அந்தக் காத்தோட வேலைன்னு பிரிக்கிறது கஷ்டம். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தா, நாலு வருஷம் நான் எதுக்கு அங்க போனேன்?”

“அப்போ சொல்லிடு.”

“சொல்லிட்டேன். அனுமதி கேக்க ஒண்ணும் கூப்பிடலை. மீசையைப் பத்தித் தகவல் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

கடையே வெடித்துச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தி என் கையில். வாசல்வரை கூட்டம்.

“இனிமே குப்புற விழுந்தாலும் கவலை இல்ல. மண்ணு ஒட்ட மீசை வேணுமே!” என்றார் மளிகைக்கடைக்காரர்.

எனக்கு ஒரே சமயத்தில் கோபமும் அழுகையும் வந்தன. அண்ணன் அசையவே இல்லை. “என் பொண்டாட்டி சொன்ன உண்மைக்காகப் போகுது. போகட்டும்டா” என்றார்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். மறுநாள் மளிகைக்கடைக்காரர் மெல்ல எட்டிப்பார்த்தார்.

“அந்த ஓட்டை எவ்வளவு பெருசு?”

“ஒரு முடியை ஆயிரமாப் பிளந்தாலும் அதைவிடச் சின்னதாம்” என்றேன்.

“அதையா அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுது?”

திறந்த வாயை அவர் மூடவில்லை. அன்றிலிருந்து தினமும் எங்கள் ஷட்டர் ஏறும் முன்பே வந்து, “அடைச்சாச்சா?” என்று கேட்பார். மருந்துக்கடைக்காரரும் பூமியை விழுங்குவதை மறந்து, “காத்தை உறிஞ்சியாச்சா?” என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காலை பத்து மணிக்கு, கடை டிவி முன்னால் மூச்சுவிட இடமில்லை. துகள்கள் ஒரு சுற்று முழுதாக ஓடிவிட்டால் திரையில் கிளம்பியதற்கு ஒன்று, சுற்றி வந்ததற்கு ஒன்று என இரண்டு புள்ளிகள் தெரியும் என்று அண்ணி சொல்லியிருந்தார். திரை வெறுமையாகவே இருந்தது. திடீரென்று, பளிச்சென்று, இரண்டு புள்ளிகள்! மளிகைக்கடைக்காரர் பாதி முகத்தில் நுரையோடு தெருவுக்கே ஓடி, “சுத்திருச்சு! சுத்திருச்சு!” என்று கத்தினார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

சாயங்காலம் அண்ணி பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தெருவே சூழ்ந்துகொண்டது.

“என்னம்மா கண்டுபிடிச்சாங்க?” மளிகைக்கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

“இன்னும் ஒண்ணுமே தெரியாது!” அண்ணியின் முகமெல்லாம் சிரிப்பு. “ஆனா இனிமே எது தெரிஞ்சாலும் அதை நம்பலாம்.”

தெரியாது என்பதை அத்தனை சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. மளிகைக்கடைக்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

“சரிம்மா. தெரிஞ்ச அன்னைக்கு முதல்ல என்கிட்டதான் சொல்லணும்” என்றார்.