கேட்க ஆள் வந்த காலம்

கார் சத்தம் கேட்டால் மயிலாத்தா முதலில் நாயைக் கட்டுகிறார். அப்புறம் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை விசிறி அடிக்கிறார். பிறகு உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வருகிறார். அவற்றைப் போடும் முன் அண்ணாந்து வெயிலைப் பார்க்கிறார். இப்போது நிழல் இருக்கும் இடத்தில் போடுவதில்லை. பேச்சு சூடு பிடிக்கும்போது நிழல் எங்கே வந்திருக்குமோ அங்கே போடுகிறார்.

கார் பெரும்பாலும் நிற்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கள்ளுக் குடிக்க வருபவர்கள், அல்லது தோப்பு விலை விசாரிக்க வருபவர்கள். புழுதி அடங்கியதும் நாற்காலிகள் உள்ளே போகின்றன. பழைய கதை கேட்கப் போயிருந்த என்னிடம் சொன்னார்: “பழக்கமாப் போச்சுங்க அம்முணி. முந்தி இருந்த நாயி ஒரு வெள்ளைக்காரிச்சிய வெரட்டிப் போடுச்சு. அதுலயிருந்து நாயத்தான் மொதல்ல கட்டறது.”

கோபாலபுரம் செக்போஸ்டிலிருந்து கேரளத்துச் சித்தூருக்குப் போகும் வழியில், பஸ்ஸை விட்டிறங்கித் தோப்புகளுக்குள் நடந்தால் கரட்டம்பதி. மயிலாத்தாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோப்புகளில் தேங்காய் பொறுக்குகிறார், ஆடு வளர்க்கிறார். பேச்சு கோயமுத்தூர்த் தமிழ். சர்க்கார் சம்பந்தப்பட்டதற்கு மட்டும் மலையாளம். ‘திட்டம்’ என்ற சொல் அவர் வாயில் வராது. ‘பத்ததி’தான். அவருடைய நாட்காட்டியும் பத்ததிகளால் ஆனது. மகள் கிருத்திகா பிறந்தது கக்கூஸ் பத்ததி வந்த வருசம். புருசன் தவறியது மரம் நடுபவர்கள் வந்துபோன அடுத்த மழைக்கு.

அந்த நாட்களில் வெளிநாட்டு உதவி என்றால் கரட்டம்பதிக்குக் கண்ணெதிரே வந்து நிற்கும். ஜீப்பில் வரும், தொப்பி போட்டிருக்கும், இளநீர் கொடுத்தால் சிந்திக்கொண்டே குடிக்கும். முதலில் வந்தது தண்ணீர் பத்ததி. பஞ்சாயத்து மெம்பர் ராக்கப்பன் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தபோது, மற்றப் பெண்களெல்லாம் வீட்டுக்குள் புகுந்துகொண்டார்கள். மயிலாத்தாவின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அதனால் அவர் நகரவில்லை. ஒருநாளைக்கு எத்தனை குடம் இறைப்பீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார். “எண்ணீட்டு நின்னா சோறு எப்பங்க ஆக்கறது?” என்று மயிலாத்தா திருப்பிக் கேட்டார். அது மலையாளமாகி, இங்கிலீஷாகிப் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எந்த ஜீப் வந்தாலும் ராக்கப்பன் நேராக இந்த வாசலுக்குத்தான் கூட்டி வந்தார்.

“மயிலா, கேட்டதுக்கு மட்டும் சொல்லு. மூஞ்சியச் சிரிச்சாப்பல வெச்சுக்கோ” என்பது மெம்பரின் பாடம். மயிலாத்தா அதற்கு மேலும் கற்றுக்கொண்டார். கக்கூஸ்காரர்களுக்குக் கதவைத் திறந்து காட்டினால்தான் திருப்தி. பெண்கள் குழுவைப் பார்க்க வருகிறவர்களுக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். “பொய்யி சொன்னதில்லீங்க. சிலத உட்டுப்போட்டுச் சொல்லுவேன், அவ்வளவுதான்.”

ஒரே ஒரு முறை அவர் எதையும் விடாமல் சொல்லிவிட்டார்.

ஆட்டுப் பத்ததியில் வந்தவை உயர்ந்த சாதி ஆடுகள். நீளமாகக் காது தொங்கும், காதில் பித்தளை வில்லை குத்தியிருக்கும். முதல் தவணையாக மயிலாத்தா வீட்டிலும் இன்னும் சில வீடுகளிலும் கட்டினார்கள். அவை நன்றாக வளர்ந்தால் ஊருக்கே ஆடு வரும் என்று பேச்சு. ஆடி பிறந்தது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை இழுத்துக்கொண்டு வந்தது. ஆடுகள் இருமின. இருமி இருமியே ஒவ்வொன்றாக விழுந்தன. “கொழந்தையாட்டம் மடீல போட்டுத் தவிடு கரைச்சு ஊத்துனனுங்க. கண்ண மட்டும் தெறந்து பாத்துச்சு.”

அந்த நேரம் பார்த்து, பார்வையிட ஆள் வருகிறது என்று தகவல் வந்தது. ராக்கப்பன் அசரவில்லை. பக்கத்து வீட்டு அப்புசாமியின் நாட்டாடுகளை ஓட்டிவந்து மயிலாத்தா வாசலில் கட்டினார். செத்த ஆடுகளின் பித்தளை வில்லைகளை நூலில் கோத்து அவற்றின் கழுத்தில் தொங்கவிட்டார்.

வந்தவர்களில் வெள்ளைக்காரர்களோடு ஒரு கறுப்புப் பெண்ணும் இருந்தார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் பெண்கள் குழு நடத்துகிறவர். பெயர் கிரேஸ், மயிலாத்தா வாயில் ‘கெரேசு’. “அவிய ஊருக்கு ரெண்டு ஏரோப்ளான் மாறோணுமாமுங்க.” மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காகிதம் புரட்டிக்கொண்டிருக்க, கெரேசு புடவை மாதிரிச் சுற்றியிருந்த துணியைச் செருகிக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தினார். கழுத்து நூலை விரலால் தூக்கிப் பார்த்தார். மயிலாத்தாவைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. மயிலாத்தாவுக்கும் அடக்க முடியவில்லை. என்ன விசயம் என்று யாருக்கும் புரியும் முன்பே இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

பிறகு கெரேசு கேட்டார்: “கொடுத்த ஆடு எதனால் செத்தது?”

ராக்கப்பன் வாயெடுக்கும் முன் மயிலாத்தா சொன்னார்: “காத்துக்குத் தாங்கலீங்க. நல்ல ஆடுதான். எடம் தப்பிப் போச்சு. எங்க ஊட்ல மட்டுமில்ல, எல்லா ஊட்லயும் போச்சு.”

மொழிபெயர்க்க வந்தவர் மெம்பர் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். கெரேசு விடவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, எங்கள் ஊரிலும் இப்படித்தான் மாடு கொடுத்தார்கள், மழைக்குத் தாங்காமல் போனது, நாங்கள் சொல்லவில்லை என்றார். போகும்போது மயிலாத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் தவணை ஆடுகள் வரவேயில்லை. அந்தப் பத்ததி கரட்டம்பதியோடு கணக்கை முடித்துக்கொண்டது. குழாயடியில் பெண்கள் மயிலாத்தாவின் குடத்தை விட்டுத் தங்கள் குடத்தை ஒதுக்கி வைத்தார்கள். “உன்ற வாய் சும்மா இருந்திருந்தா எங்கூட்டு வாசல்லயும் ரெண்டு ஆடு நின்னிருக்கும்” என்றாள் அப்புசாமி பெண்சாதி.

“அதும் செத்துத்தான் போயிருக்கும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சுங்க. சொல்லல. அவளுக்கும் ஆசைதானுங்களே. மெம்பர் மேலயும் கோவமில்ல. ஊருக்கு ஒண்ணு வரோணும்னுதான் அவரும் செஞ்சாரு.”

ஒரு கோடை முழுக்க யாரும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் ராக்கப்பனே வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “மயிலா, மரம் நடறவிய நாளைக்கு வராங்க.”

“நான் வந்தா ஏதாச்சும் சொல்லிப்போடுவனுங்க அண்ணா.”

“சொல்லித் தொலை. மத்தவிய வாயே தெறக்க மாட்டேங்கறாங்க.”

அப்புறமும் சில ஜீப்புகள் வந்தன. மெல்ல மெல்லக் குறைந்தன. நின்றேபோயின. பொள்ளாச்சியில் வேலை பார்க்கும் கிருத்திகா அம்மாவுக்கு விளக்கினாள்: இப்போது நம் நாடு வளர்ந்துவிட்டது, நாமே அடுத்த நாடுகளுக்கு உதவி கொடுக்கிறோம். மயிலாத்தாவுக்கு அதில் பெருமைதான். கெரேசு ஊருக்கும் கொடுக்கிறோமா என்று கேட்டார். மகளுக்குத் தெரியவில்லை.

குழாயில் தண்ணீர் வருகிறது, ரேசன் கிடைக்கிறது, பென்சன் வங்கிக்கு வந்துவிடுகிறது. குறை என்று எதுவும் சொல்லமாட்டார். “எல்லாம் நல்லதுக்குத்தானுங்க. ஆனா கேக்கறதுக்கு ஆளில்லாமப் போச்சு. அப்பல்லாம் அத்தன தூரத்துலயிருந்து வந்து, மயிலாத்தா நீ என்ன நெனைக்கறேனு கேட்டாங்க. என்னப் பெத்தவிய கேட்டதில்ல, கட்டுனவரு கேட்டதில்ல.”

இப்போது கேள்விகள் போனில் வருகின்றன. பதிவு செய்த குரல். திருப்தி என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. நான் இருந்தபோதும் ஒரு அழைப்பு வந்தது. மயிலாத்தா எண்ணை அமுக்காமல், தண்ணீர் காலையில் மண் கலந்து வருவதையும், மதியத்துக்கு மேல் தெளிவதையும் பொறுமையாக விவரித்தார். குரல் அவரைக் கடந்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. “நிக்கவே மாட்டேங்குதுங்க இந்தப் புள்ள” என்று போனை மடியில் வைத்தார்.

எனக்கு சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குறிப்பேட்டை மூடி, பையைத் தோளில் மாட்டி எழுந்தேன்.

“அதுக்குள்ள எந்திரிச்சா எப்படிங்க? நீங்க மட்டும் கேட்டுட்டுப் போறதா?” என்றார் மயிலாத்தா. “உங்க ஊட்ல தண்ணி எங்கயிருந்துங்க வருது? குடிக்க நல்லாருக்குதா?”

என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாசற்காலின் ஆணியில் மாட்டிவிட்டு, தன் நாற்காலியை என் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.